ஜி.இ.டி. ஆங்கிலத் தேர்வு: பத்தியைப் படித்துப் பதிலைப் பிடிக்கப் பழகுவது எப்படி?

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள், அதற்கு இணையான சான்றிதழுக்காக எழுதும் ஜி.இ.டி. தேர்வில் நான்கு பாடங்கள்: கணிதம், அறிவியல், சமூக அறிவியல், ஆங்கிலம். கணக்கை நினைத்துப் பயந்துகொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். ஆனால் நம் ஆட்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் ஆங்கிலம், அதிலும் பத்தியைப் படித்துவிட்டுப் பதில் சொல்லும் பகுதி. ஆங்கிலம் தெரியாததால் என்று நினைக்காதீர்கள். பத்து வருடமாகக் கடையில் நின்று ஆங்கிலத்திலேயே வியாபாரம் பார்த்தவர்களும் இதில் விழுகிறார்கள்.

நானும் விழுந்தவன்தான். ஊரில் ஒன்பதாவதோடு நின்றுவிட்டு, நியூஜெர்சியில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே இந்தத் தேர்வை எழுதினேன். ஆங்கிலத்தில் முதல் முறை 141. தேர்ச்சிக்கு 145 வேண்டும். இரண்டாம் முறை 152. இப்போது வாரத்தில் இரண்டு மாலை, ஒரு நூலகத்தில் புதிதாகப் படிக்க வருகிறவர்களோடு உட்கார்கிறேன். அவர்கள் தடுக்கி விழுகிற இடங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் கீழே உள்ள வரிசை அமைந்தது. வரிசையை மாற்றாதீர்கள், குறிப்பாக 2-ஐயும் 9-ஐயும்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஜி.இ.டி. இணையதளத்தில் ஒரு கணக்கு தொடங்கி, உங்கள் மாநிலத்தின் விதிகளைப் படியுங்கள். கட்டணமும் வயது விதியும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 16, 17 வயதுக்காரர்களுக்குத் தனி நிபந்தனைகள் இருக்கும். இதைப் பார்க்காமல் மூன்று மாதம் படித்துவிட்டு, அப்புறம் ஒரு கடிதம் குறைகிறது என்று அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு கணினி வேண்டும். கைபேசி போதாது. தேர்வு கணினித் திரையில்தான் நடக்கிறது, பத்தி ஒரு பக்கம், கேள்வி மறுபக்கம் என்று. கைபேசியில் பழகிய கண்ணுக்கு அந்த அமைப்பு புதிதாக இருக்கும். வீட்டில் கணினி இல்லையென்றால் பொது நூலகத்தில் இலவசமாக உட்காரலாம்.

இரண்டு நோட்டுகள். ஒன்று சொற்களுக்கு, இன்னொன்று தவறுகளுக்கு. தவறு நோட்டுதான் முக்கியம், அதைப் பற்றி 6-ஆவது பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

தேர்வின் அமைப்பும் தெரிந்திருக்க வேண்டும். நான் எழுதியபோது ஆங்கிலத் தாள் மொத்தம் 150 நிமிடம்: முதல் பகுதி 35 நிமிடம், பிறகு கட்டுரைக்கு 45, பத்து நிமிட இடைவேளை, கடைசிப் பகுதி 60. நீங்கள் பதிவு செய்யும்போது தளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். படிக்கத் தரும் பத்திகளில் நான்கில் மூன்று பங்கு தகவல் சார்ந்தவை: கட்டுரை, பேச்சு, அறிவிப்பு, அலுவலகச் சுற்றறிக்கை. கதை நான்கில் ஒரு பங்குதான். ஆங்கிலம் என்றாலே கதைப் புத்தகம் என்று நினைத்து நாவலாகப் படித்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

## 2. முதல் மாதிரித் தேர்வைக் கடிகாரம் இல்லாமல் எழுதுங்கள்

வருகிறவர்கள் எல்லோரும் முதல் நாளே கேட்பது, வேகமாகப் படிப்பது எப்படி என்பதுதான். அந்தக் கேள்விக்கு இன்னும் நேரம் வரவில்லை.

தளத்தில் இலவச மாதிரித் தேர்வு இருக்கிறது. அதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு நிதானமாக எழுதுங்கள். நேரமே கணக்கில்லாமல் எழுதியும் பாதிக்கு மேல் தவறு என்றால், உங்கள் சிக்கல் வேகத்தில் இல்லை, புரிதலில். அப்போது வேகத்தைக் கூட்டினால் தவறான விடைகளை இன்னும் சீக்கிரமாகத் தேர்ந்தெடுப்பீர்கள், வேறொன்றும் நடக்காது. நேரம் எடுத்தால் சரியாக வருகிறது, அவசரப்பட்டால் தவறுகிறது என்றால் உங்களுக்கு நல்ல செய்தி. 9-ஆவது பகுதிதான் உங்கள் மருந்து, ஆனாலும் நடுவில் உள்ளவற்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

## 3. மனதுக்குள் தமிழில் மொழிபெயர்ப்பதை நிறுத்துங்கள்

இதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். நானும் ஒவ்வொரு சொல்லையும் தமிழில் மாற்றி, அப்புறம் அவற்றைக் கோத்துப் பார்ப்பேன். கோத்து முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துபோகும்.

காரணம் இரு மொழிகளின் கட்டுமானத்தில் இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும், அதனால் வாக்கியம் முடியும்வரை காத்திருக்க நம் காது பழகியிருக்கிறது. ஆங்கிலத்தில் யார், என்ன செய்தார் என்பது முன்னாலேயே வந்துவிடும், மற்றதெல்லாம் பின்னால் வால்போலத் தொங்கும். "நேற்று வந்த பையன்" என்று நாம் அடைமொழியை முன்னால் வைக்கிறோம். அவர்கள் பையனைச் சொல்லிவிட்டு, 'ஹூ' என்று போட்டு, நேற்று வந்ததை அப்புறம் சொல்வார்கள். நாம் வழக்கம்போலக் கடைசிவரை காத்திருந்துவிட்டு, கடைசியில் இருப்பதுதான் முக்கியம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

அதனால் இப்படிப் பழகுங்கள். நீளமான வாக்கியம் வந்தால் 'ஹூ', 'விச்', 'தட்' என்று தொடங்கும் துண்டுகளைப் பென்சிலால் அடைப்புக்குள் போடுங்கள். மிச்சம் இருப்பதை மட்டும் படியுங்கள். யார், என்ன செய்தார் என்பது கிடைத்துவிடும். பிறகு அடைப்பைத் திறந்து மற்றதைச் சேருங்கள். தினம் ஐந்து வாக்கியம் போதும், மூன்று வாரத்தில் பென்சில் இல்லாமலே கண் அதைச் செய்யத் தொடங்கிவிடும்.

இன்னொரு பயிற்சி: ஒரு பத்தி முடிந்ததும் மூடிவைத்துவிட்டு, அது என்ன சொன்னது என்று தமிழில் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். இங்கே தமிழ் தாராளமாக வரலாம். சொல்லுக்குச் சொல் மாற்றுவதுதான் கூடாது, பத்தியின் சாரத்தை எந்த மொழியில் பிடித்துக்கொண்டாலும் சரி.

## 4. சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள்

தேர்வில் அகராதி கிடையாது. அதனால் ஆயிரம் சொல் பட்டியல் ஒன்றை வாங்கி உருப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கேள்வி பெரும்பாலும் 'இந்தப் பத்தியில் இந்தச் சொல் என்ன பொருளில் வருகிறது' என்றுதான் இருக்கும். கேட்கும் சொல்லும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லாகவே இருக்கலாம், சிக்கலே அதில்தான்.

'அட்ரஸ்' என்றால் முகவரி, எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேயர் ஒரு பிரச்சினையை 'அட்ரஸ்' செய்யவில்லை என்றால் அதைக் கவனிக்கவில்லை என்று பொருள். அதிபரின் 'அட்ரஸ்' என்றால் உரை. எங்கள் வகுப்பில் ஒரு அக்கா, அந்தக் கேள்விக்கு வீட்டு விலாசம் என்ற விடையைத்தான் முதலில் அழுத்தினார், அப்புறம் அவரே விழுந்து விழுந்து சிரித்தார். 'நாவல்' என்பது புதினம் மட்டுமல்ல, புதுமையானது என்றும் பொருள். 'கண்டக்ட்' (conduct) நடத்தையாகவும் இருக்கும், நடத்துவதாகவும் இருக்கும்.

ஆகவே சொல் நோட்டில் சொல்லை மட்டும் எழுதாமல், அது வந்த முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். விடை தேடும்போது, கொடுத்திருக்கும் நான்கு பொருள்களையும் ஒவ்வொன்றாக அந்தச் சொல்லின் இடத்தில் பொருத்திப் படியுங்கள். மூன்று உறுத்தும், ஒன்று உட்காரும்.

உண்மையிலேயே உருப்போட வேண்டியவை சில சிறு சொற்கள்தான்: 'ஹவெவர்', 'ஆல்தோ', 'அன்லெஸ்', 'தேர்ஃபோர்', 'நெவர்தலெஸ்', 'ஹார்ட்லி', 'ரேதர் தேன்'. முப்பது நாற்பது இருக்கும். இவைதான் பத்தியின் திருப்பங்கள். 'ஹவெவர்' வந்தால், அதற்கு முன்னால் சொன்னதை எழுதியவர் முழுதாக ஏற்கவில்லை என்று அர்த்தம், அவருடைய சொந்தக் கருத்து இனிமேல்தான் வரப்போகிறது. 'அன்லெஸ்', 'ஹார்ட்லி' இரண்டும் பார்க்கச் சாதுவாக இருந்துகொண்டு வாக்கியத்தையே எதிர்மறையாக்கிவிடும்.

## 5. விடைக்கு வரியில் விரல் வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பள்ளியில் கேள்வி வந்தால் விடை நினைவில் இருக்க வேண்டும். நோட்ஸில் இருந்ததை, ஆசிரியர் சொன்னதை, அப்படியே எழுதினால் மதிப்பெண். ஜி.இ.டி. வாசிப்பில் உங்கள் நினைவுக்கு வேலையே இல்லை. விடை, அல்லது விடைக்கான தடயம், கண் முன்னால் அந்தப் பத்தியில் இருக்கிறது. உங்களுக்கு அந்த விஷயத்தைப் பற்றி அதிகம் தெரிந்திருப்பது சில நேரம் இடைஞ்சல்கூட.

நானே எழுதிய ஒரு சின்ன மாதிரியைப் பாருங்கள். தேர்வில் இது ஆங்கிலத்தில் இருக்கும்.

"நமது கிடங்கில் கடந்த ஆண்டு ஏணியிலிருந்து விழுந்து காயமடைந்தவர்கள் 6 பேர். அவர்களில் 4 பேர் விழுந்தது வேலை நேரத்தின் கடைசி ஒரு மணியில். பழைய ஏணிகள் அனைத்தும் மாற்றப்பட்டுவிட்டன. என்றாலும் ஏணிகளை மாற்றுவது மட்டும் போதாது என்று நிர்வாகம் கருதுகிறது. எனவே அடுத்த மாதம் முதல் மாலை 4 மணிக்குக் கூடுதலாக 10 நிமிட ஓய்வு அளிக்கப்படும்."

கேள்வி: விபத்துகளுக்கு எது முக்கியக் காரணம் என்று நிர்வாகம் நினைப்பதாகத் தெரிகிறது?

அ) பழைய ஏணிகள்
ஆ) தொழிலாளர்களின் களைப்பு
இ) போதுமான பயிற்சி இல்லாமை
ஈ) விபத்துகள் எப்போதும் மாலையில்தான் நடக்கும்

சரியான விடை ஆ. ஆனால் 'களைப்பு' என்ற சொல் பத்தியில் எங்குமே இல்லை, கவனித்தீர்களா? விரலை இரண்டு இடத்தில் வைக்க வேண்டும்: 'கடைசி ஒரு மணியில்', 'கூடுதலாக 10 நிமிட ஓய்வு'. கடைசி மணியில் விழுகிறார்கள், அதற்கு மருந்தாக ஓய்வு தருகிறார்கள் என்றால் நோய் களைப்பு என்று நினைக்கிறார்கள். ஊகித்து விடை சொல் என்று கேட்கும் கேள்விகள் எல்லாமே இந்த ரகம்தான். இரண்டு வரியைச் சேர்த்தால் கிடைக்கிற மூன்றாவது விஷயம், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு அடிகூட நகரக் கூடாது.

'அ' ஏன் ஆளை இழுக்கிறது? ஏணி என்ற சொல் பத்தி முழுக்க இருக்கிறது, படித்த சொல்லையே விடையிலும் பார்த்ததும் கை போய்விடுகிறது. 'ஈ'-யில் 'எப்போதும்' இருக்கிறது, ஆறில் நாலு எப்போதும் ஆகாது. அதோடு அது காரணமே இல்லை, நேரம்.

'இ'-தான் சுவாரசியம். இந்த மாதிரியை முதலில் கொடுத்தபோது, ஏழு வருடம் கிடங்கில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் 'இ' என்று போட்டுவிட்டு என்னோடு பத்து நிமிடம் வாதாடினார். புதிதாக வருகிறவனுக்கு ஏணியில் ஏறக் கற்றுக்கொடுப்பதே இல்லை தம்பி, அதனால்தான் விழுகிறான் என்றார். கிடங்கைப் பற்றி அவர் சொன்னது முழுக்க உண்மையாக இருக்கலாம். பத்தியில் பயிற்சியைப் பற்றி ஒரு வரி காட்டுங்கள் அண்ணா என்றேன். காட்ட முடியவில்லை. மறு வாரத்திலிருந்து அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் "எந்த வரி? வரியைக் காட்டு" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பயிற்சியில் ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் வரி எண்ணை எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அது விடை அல்ல, யூகம். தற்செயலாகச் சரியாக இருந்தாலும் தவறு என்றே கணக்கு வையுங்கள்.

## 6. தவறு நோட்டு: எது சரி என்பதை விட, எது ஏன் தவறு

பெரும்பாலானவர்கள் செய்வது: மாதிரித் தேர்வு எழுதுவது, மதிப்பெண் பார்ப்பது, தவறிய கேள்விக்குச் சரியான விடையைப் பார்த்து "ஓ, சரி" என்று தலையாட்டிவிட்டு அடுத்த தேர்வுக்குப் போவது. இப்படி இருபது மாதிரித் தேர்வு எழுதினாலும் மதிப்பெண் நகராது. நான் முதல் முறை செய்தது இதைத்தான்.

தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள். நான் தேர்ந்தெடுத்தது எது, ஏன் அது பிடித்தது. சரியான விடைக்கான வரி எது. நான் தேர்ந்தெடுத்தது எந்த வகைப் பொறி.

பொறிகள் அதிகம் இல்லை. சொல் ஒற்றுமை: பத்தியில் உள்ள சொற்களையே வைத்துப் பத்தி சொல்லாததைச் சொல்வது. மிகை: 'எல்லாரும்', 'ஒருபோதும்', 'மட்டுமே' மாதிரிச் சொற்கள். வெளி அறிவு: உலகத்தில் உண்மை, பத்தியில் இல்லை. சின்ன உண்மை: பத்தியில் இருக்கிறது, ஆனால் கேட்டது முழுப் பத்தியின் மையக் கருத்து, இது ஒரு மூலை விவரம். தலைகீழ்: ஒரு 'நாட்'டைத் தவறவிட்டதால் எதிர்ப்பொருள்.

இரண்டு வாரம் எழுதிய பிறகு நோட்டைப் புரட்டினால் உங்கள் வியாதி தெரிந்துவிடும். எனக்கு மிகை. 'ஆல்வேஸ்' இருக்கும் விடை திடமாக, அழுத்தமாக இருப்பதாகத் தோன்றி அதையே போட்டுக்கொண்டிருந்தேன். அது தெரிந்த பிறகு அந்தச் சொல்லைக் கண்டாலே கை நின்றது. 141-க்கும் 152-க்கும் நடுவில் நான் புதிதாகக் கற்ற ஆங்கிலம் கொஞ்சம்தான், இந்த நோட்டுதான் வித்தியாசம்.

## 7. ஒரு பத்தியை எந்த வரிசையில் அணுகுவது

கேள்வியை முதலில் படிப்பதா, பத்தியை முதலில் படிப்பதா என்று பெரிய சண்டையே நடக்கும். என் கட்சி இது: கேள்விகளை ஒரு பார்வை பாருங்கள், விடைகளைப் பார்க்காதீர்கள். கேள்வி, எதைத் தேட வேண்டும் என்று சொல்கிறது. நான்கு விடைகளில் மூன்று பொய், அவற்றை முதலிலேயே படித்துவிட்டுப் போனால் பத்தியில் இல்லாததெல்லாம் இருப்பதுபோலத் தோன்றும்.

பிறகு தலைப்பு, யார் எழுதியது, எப்போது, யாருக்கு என்று மேலே இருக்கும் குறிப்பு. பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். கடைக்காரர் நகர மன்றத்துக்கு எழுதிய கடிதம் என்று தெரிந்தால் அவர் எதற்காக எழுதுகிறார் என்பதில் பாதி அங்கேயே விளங்கிவிடும்.

அப்புறம் பத்தியைப் படியுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மூன்று நான்கு சொல்லில் குறிப்பு, தமிழில் இருந்தாலும் சரி: 'பிரச்சினை', 'எதிர்த்தரப்பு', 'உதாரணம்', 'தீர்வு'. தேர்வில் அழித்து எழுதும் பலகை ஒன்று கொடுப்பார்கள், வீட்டிலும் ஒரு சின்னப் பலகையில் பழகலாம். இந்தக் குறிப்பு இருந்தால் கேள்விக்குத் திரும்பி வரும்போது முழுவதையும் மறுபடி படிக்க வேண்டாம், எங்கே போக வேண்டும் என்று தெரியும்.

திரையில் ஒரு கண்ணி உண்டு. நீளமான பத்தி ஒன்றுக்கு மேற்பட்ட பக்கங்களாகப் பிரிந்திருக்கும், மேலே உள்ள பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். முதல் பக்கத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்து, விடையைக் காணோமே என்று தேடிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

கதைப் பத்தியில் நிகழ்ச்சிகளை இழுத்து வரிசைப்படுத்தச் சொல்வார்கள். அங்கே, கதையில் சொன்ன வரிசை வேறு, நடந்த வரிசை வேறு. பழைய நினைவு நடுவில் வரும். 'ஹேட்' (had) என்ற வினை வடிவம் தென்பட்டால் அது முன்பே நடந்தது என்று பாருங்கள்.

## 8. பழைய ஆங்கிலமும் பெரிய பேச்சுகளும்

அமெரிக்க வரலாற்றின் பெரிய ஆவணங்களும் பேச்சுகளும் ஆங்கிலத் தாளிலும் வரும், சமூக அறிவியல் தாளிலும் வரும். 1776-இன் சுதந்திரப் பிரகடனம், 1863-இல் லிங்கன் கெட்டிஸ்பர்க்கில் ஆற்றிய உரை போன்றவற்றைத் தேர்வுக்கு முன் இரண்டு மூன்று தடவை படித்துவைப்பது நல்லது. மனப்பாடத்துக்காக இல்லை, அந்த நடையைக் கண்டு மிரளாமல் இருப்பதற்காக.

லிங்கன் உரையின் முதல் சொற்களே 'ஃபோர் ஸ்கோர் அண்ட் செவன்'. ஸ்கோர் என்றால் கிரிக்கெட் நினைவுக்கு வரும் நமக்கு. அங்கே அது இருபது. நான்கு இருபதும் ஏழும் 87. 1863-இல் 87-ஐக் கழித்தால் 1776, அதாவது பிரகடனம் வந்த ஆண்டு. போர்க்களத்தில் நின்றுகொண்டு நாட்டின் தொடக்கத்தை ஏன் நினைவூட்டுகிறார்? தேர்வு கேட்கிற கேள்வியும் இந்த மாதிரிதான் இருக்கும், எழுதியவரின் நோக்கம் என்ன என்று.

இந்த வகைப் பத்தியில் 3-ஆவது பகுதியில் சொன்ன அடைப்புப் பயிற்சியைச் செய்யுங்கள். ஒரு வாக்கியம் நாலு வரி ஓடும். வினையைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

## 9. இப்போது கடிகாரம், அதன்பின் கட்டுரை

கடிகாரம் இல்லாமல் பத்துக்கு ஏழெட்டு விடை வரி எண்ணோடு சரியாக வரும்போதுதான் கடிகாரத்தை எடுக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு பத்தியும் அதன் கேள்விகளும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அடுத்த வாரம் ஒரு நிமிடம் குறையுங்கள். ஒரே நாளில் பாதியாக்க முயன்றால் பழைய யூகப் பழக்கம் திரும்பி வந்துவிடும்.

ஒரு கேள்வியில் சிக்கிக்கொண்டால் ஏதாவது ஒரு விடையைப் போட்டு, பிறகு திரும்பிப் பார்ப்பதற்கு அடையாளமாகத் திரையில் கொடியிட்டு, நகருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் காலியாக விடாதீர்கள். அந்தந்தப் பகுதி முடிவதற்குள் கொடியிட்டவற்றுக்குத் திரும்பிவிட வேண்டும், அடுத்த பகுதிக்குப் போனபின் திரும்ப முடியாது.

கட்டுரையும் வாசிப்புத் தேர்வுதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரே விஷயத்தைப் பற்றி எதிரெதிராக இரண்டு வாதங்கள் கொடுத்து, எது நல்ல ஆதாரத்தோடு இருக்கிறது என்று எழுதச் சொல்வார்கள். உங்கள் கருத்தை அவர்கள் கேட்கவில்லை. பட்டிமன்றம் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அங்கே நீங்கள் பேச்சாளர் அல்ல, நடுவர். இந்த அணி எண்ணிக்கை சொன்னது, அந்த அணி வெறும் பயத்தைச் சொன்னது, இவர் சொன்ன உதாரணம் கேள்விக்கே பொருந்தவில்லை, ஆகவே தீர்ப்பு இந்தப் பக்கம். இப்படி எழுத வேண்டும். உங்களுக்குப் பிடிக்காத பக்கத்துக்குக்கூட நல்ல ஆதாரம் இருக்கலாம், அப்போது அந்தப் பக்கத்துக்கே தீர்ப்பைக் கொடுத்துவிடுங்கள்.

வகுப்பில் இதை விளக்கிய பிறகும் பத்தில் நாலு பேர் "என் கருத்தில்" என்றுதான் தொடங்குகிறார்கள். அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது பள்ளிக் கட்டுரை.

45 நிமிடத்தை நான் பிரித்துக்கொண்டது: படிக்கவும் ஆதாரங்களைக் குறிக்கவும் 12, திட்டமிட 5, எழுத 23, திருத்த 5. குறைந்தது மூன்று ஆதாரங்களைப் பத்தியிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் வலுவானது அல்லது பலவீனமானது என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஆதாரத்தை எடுத்துப்போட்டுவிட்டு விளக்காமல் போவதுதான் இங்கே அடிக்கடி பார்க்கும் தவறு. தட்டச்சு மெதுவாக இருந்தால் தினம் பதினைந்து நிமிடம் அதற்கும் ஒதுக்குங்கள், யோசனை தயாராக இருந்தும் விரல் ஓடாமல் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

## 10. வாராந்திரக் கணக்கு, எப்போது தேதி போடுவது

வேலைக்குப் போகிறவர்களுக்கு எட்டிலிருந்து பத்து வாரம் நியாயமான கணக்கு. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், மூன்றாவது ஞாயிறு ஏதாவது கல்யாணம் வந்துவிடும். தினம் 40 நிமிடம், வாரம் ஐந்து நாள்.

முதல் மூன்று வாரம் 3, 4, 5-ஆவது பகுதிகள் மட்டும். நாளொன்றுக்கு ஒரே ஒரு பத்தி, ஆனால் முழுமையாக. நான்காவது வாரத்திலிருந்து தவறு நோட்டும் சேரும். ஏழாவது வாரத்தில் கடிகாரம், வாரத்துக்கு ஒரு கட்டுரை. மிச்ச நேரத்தில் செய்தித்தாளின் கருத்துப் பக்கக் கட்டுரை ஒன்றை எடுத்து, எழுதியவர் என்ன சொல்கிறார், எதை ஆதாரமாகத் தருகிறார், எதற்கு ஆதாரமே தரவில்லை என்று மூன்று வரி எழுதுங்கள். இந்த ஒரு பயிற்சி கட்டுரைக்கும் உதவும், சமூக அறிவியல், அறிவியல் தாள்களுக்கும் உதவும். அந்தத் தாள்களிலும் பாதி வேலை படித்துப் புரிந்துகொள்வதுதான்.

கடைசியில் 'ஜி.இ.டி. ரெடி' என்ற அதிகாரப்பூர்வ முன்தேர்வை எழுதுங்கள். தனிக் கட்டணம் உண்டு, உண்மைத் தேர்வில் பாதி நீளம். முடிவு நிறத்தில் வரும்: பச்சை என்றால் தேர்ச்சி பெற வாய்ப்பு அதிகம், மஞ்சள் என்றால் இரண்டுங்கெட்டான், சிவப்பு என்றால் இன்னும் நேரம் வேண்டும். வீட்டிலிருந்து இணையம் வழியாக எழுத விரும்பினால் பச்சை வந்தே ஆக வேண்டும், அதுவும் அண்மையில். இதைத் தொடக்கத்திலேயே எழுதி வீணாக்காதீர்கள், ஆரம்ப நிலையைப் பார்க்க இலவச மாதிரி போதும்.

பச்சை வந்ததும் இரண்டு வாரத்துக்குள் தேதி போடுங்கள். இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு எழுதலாம் என்று தள்ளுகிறவர்களுக்குத்தான் சூடு ஆறிப்போகிறது. மஞ்சள் வந்தால் தவறு நோட்டுக்குத் திரும்பி மூன்று வாரம்.

ஒருவேளை தேர்வில் தவறிவிட்டால், மதிப்பெண் அறிக்கையை முழுதாகப் படியுங்கள். எந்தத் திறனில் குறைந்தது என்று அதில் பிரித்துச் சொல்லியிருப்பார்கள். பொதுவாக முதல் முறைக்குப் பிறகு இரண்டு முறை காத்திருக்காமல் எழுதலாம், அதற்கும் மேல் என்றால் 60 நாள் இடைவெளி வேண்டும். சில மாநிலங்கள் தனி விதி வைத்திருக்கின்றன. தவறிய தாளை மட்டும் திரும்ப எழுதினால் போதும், மற்ற மூன்றும் அப்படியே இருக்கும். நான் அந்த 141 வந்த இரவே கோபத்தில் மறுதேதிக்குப் பணம் கட்டப் போனேன், அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்ததால் முடியவில்லை. கிடைத்த ஐந்து வாரத்தில்தான் தவறு நோட்டைத் தொடங்கினேன்.